வாட்ச் டாக்ஸ் சிட்டியில் நான் நம்பாத ஒரு விஷயம்

ஒரு போனை வைத்துக்கொண்டு நகரத்தையே ஹேக் செய்கிற வாட்ச் டாக்ஸ் மாதிரி வீடியோ கேம்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு கட்சி சேர்ந்துவிடும். "எல்லாம் சுத்தப் பீலா" என்று ஒரு கட்சி. "நாளைக்கு நடக்கப்போறதை இன்னைக்கே காட்டிட்டான்" என்று இன்னொன்று. எனக்கு இரண்டோடும் ஒத்துப்போகவில்லை. ஹேக்கிங்கையெல்லாம் நான் நம்பிவிடுகிறேன். அந்த நகரத்தில் எல்லாமே ஒழுங்காக வேலை செய்கிறது பாருங்கள், அங்கேதான் இடிக்கிறது.

2014-ல் வந்த முதல் பாகம். ஊர் சிகாகோ. சிக்னல், கேமரா, பாலம், ரயில், மின்சாரம் எல்லாம் சிடிஓஎஸ் என்ற ஒற்றை சிஸ்டத்தின் பிடியில். ஹீரோ எய்டன் பியர்ஸ் போனில் ஒரு பட்டனைத் தட்டினால் போதும், சந்திப்பில் எல்லாப் பக்கமும் பச்சை விழும், துரத்தி வருகிற கார் குறுக்கே வருகிற காரில் மோதி நசுங்கும். எத்தனை முறை செய்தாலும் அலுக்காத வேலை.

அதே 2014-ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு நகரத்தின் நிஜ சிக்னல்களை, முறையாக அனுமதி வாங்கிக்கொண்டு, உடைத்துப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட நூறு சிக்னல்கள் வயர்லெஸ்ஸில் இணைந்திருந்தன. தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்பும் என்கிரிப்ஷன் கிடையாது. பாஸ்வேர்டோ, பெட்டியைச் செய்தவர்கள் போட்டு அனுப்பிய அதே பாஸ்வேர்ட். சிவப்பைப் பச்சையாக்கவும் முடிந்தது. எல்லாப் பக்கமும் பச்சை மட்டும் நடக்காது. ஏனென்றால் ஒவ்வொரு சிக்னல் பெட்டிக்குள்ளும் தனியாக ஒரு காவல் கருவி உட்கார்ந்திருக்கிறது. எந்தெந்தப் பச்சை சேர்ந்து எரியலாம் என்பது அதில் ஒரு சர்க்யூட் போர்டிலேயே இணைத்து வைக்கப்பட்டிருக்கும். மோதல் வரும்படி இரண்டு பச்சை போனால், அது உடனே சந்திப்பு முழுவதையும் மினுக்கும் சிவப்புக்குத் தள்ளிவிடும். நெட்வொர்க் வழியாக அதைத் தொட முடியாது. யாராவது நேரில் வந்து பெட்டியைத் திறந்தால்தான் உண்டு. ஆக, அந்தப் பட்டனை நிஜத்தில் அழுத்தினால் கிடைப்பது விபத்து அல்ல, டிராஃபிக் ஜாம். எய்டனும் அதிலேயே மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார்.

2006-ல் லாஸ் ஏஞ்சலஸில் நாலு முக்கியச் சந்திப்புகளின் சிக்னல்களில் இப்படிக் கைவைத்தார்கள். விளைவு, நாட்கணக்கில் நெரிசல். செய்தது முகமூடி போட்ட ஹேக்கர் இல்லை. மாநகராட்சியின் டிராஃபிக் இன்ஜினியர்கள் இரண்டு பேர், சம்பளத் தகராறு நேரத்தில். குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் செய்தார்கள்.

அடுத்து கேமரா. கேமில் ஒரு கேமராவுக்குள் புகுந்து, அதன் கண்ணில் படுகிற அடுத்த கேமராவுக்குத் தாவி, அங்கிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் போக வேண்டும். கேமாக அது அருமையான யோசனை, நகரமே ஒரு புதிராகிவிடுகிறது. ஆனால் நிஜ நெட்வொர்க்குக்கு எது பக்கம், எது தூரம் என்ற கணக்கே இல்லை. 2021 மார்ச்சில் வெர்காடா என்ற கேமரா நிறுவனத்தின் அட்மின் கணக்கு ஒன்றின் பாஸ்வேர்ட் இணையத்தில் திறந்த வெளியில் கிடந்தது. அதை எடுத்தவர்கள் ஒரே வீச்சில் சுமார் ஒன்றரை லட்சம் கேமராக்களைப் பார்த்தார்கள். மருத்துவமனை, சிறை, பள்ளி, டெஸ்லா கிடங்கு என்று எல்லாம் அதில் வந்தன. தாவலும் இல்லை, புதிரும் இல்லை. இப்படி ஒரு லெவலை கேமில் வைத்திருந்தால் "ரொம்ப ஈஸி" என்று நாமே திட்டியிருப்போம்.

ஒன்றை மட்டும் கேம் சரியாகப் பிடித்திருக்கிறது. சிடிஓஎஸ் கண்ட்ரோல் சென்டருக்குள் நுழைய முதலில் அங்கே நிற்கிற காவலாளி ஒருவரிடமிருந்து அக்சஸ் கோடைத் திருட வேண்டும். எல்லா மாயாஜாலத்துக்கும் முன்னால் ஒரு மனிதர், அவரிடம் ஒரு கோடு. பலரும் அலுத்துக்கொண்டு தாண்டிப்போகிற அந்தப் பகுதிதான் என் கணக்கில் கேமிலேயே நிஜமான பகுதி.

இப்போது முதலில் சொன்ன இடத்துக்கு வருகிறேன். கேமில் எந்தக் கேமராவும் பழுதாகிக் கிடப்பதில்லை. நிஜத்தில்? 2022 ஏப்ரலில் நியூயார்க் சப்வேயில் துப்பாக்கிச்சூடு நடந்தபோது, அந்த ஸ்டேஷன் கேமராக்களிலிருந்து நேரலைக் காட்சி வரவில்லை. உலகத்திலேயே அதிகம் கண்காணிக்கப்படுகிற நகரங்களில் ஒன்று, தேவைப்பட்ட நேரத்தில் பார்க்க முடியவில்லை. 2017 ஜனவரியில் வாஷிங்டனில், ஜனாதிபதி பதவியேற்புக்குச் சில நாட்களே இருக்கும்போது, போலீஸ் கேமராக்களின் 187 ரெக்கார்டர்களில் 123, கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேரில் முடங்கின. யாரும் நகரத்தைக் கைப்பற்ற வரவில்லை, பணம் பறிக்க வந்தவர்கள். பூட்டியது யாருடைய பெட்டி என்பதுகூட அவர்களுக்கு முக்கியமாக இருந்திருக்காது.

சிடிஓஎஸ் பிறந்த கதையும் இப்படித்தான். கேமில் ஒரு பெரிய மின்வெட்டுக்குப் பிறகுதான் அந்த சிஸ்டம் வருகிறது. 2003-ல் அமெரிக்காவின் வடகிழக்கும் கனடாவின் ஒரு பகுதியும் இருளில் மூழ்கிய மின்வெட்டு நிஜம், பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 5 கோடிப் பேர். கேமில் அதற்குக் காரணம் ஒரு ஹேக்கர். நிஜத்தில் ஒஹையோவில் மின்கம்பிகளில் மரக்கிளை உரசியது. எச்சரிக்க வேண்டிய மென்பொருள் ஒரு புரோகிராம் பிழையினால் சத்தமில்லாமல் நின்றுபோயிருந்தது, கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கு அது தெரியவே இல்லை. மரத்தை வெட்டாததற்கு வில்லன் வேஷம் போட முடியாது, அதனால் ஹேக்கரைக் கொண்டுவந்தார்கள். புரிகிறது.

அப்படியென்றால் கேம் காட்டுகிற கண்காணிப்பு பொய்யா? இல்லை, ஒரு விஷயத்தில் அது குறைத்தே காட்டுகிறது. தெருவில் போகிறவர் மேல் போனைக் காட்டினால் பெயர், வேலை, சம்பளம், கூடவே ஒரு ரகசியம் வருமே, அந்த ப்ரொஃபைலர். 2014-ல் கதை மாதிரி இருந்தது. 2024-ல் ஹார்வர்டு மாணவர்கள் இரண்டு பேர் கேமரா வைத்த மெட்டா கண்ணாடியையும், காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கிற முகத்தேடல் தளத்தையும் இணைத்து, எதிரே வருகிற முன்பின் தெரியாதவரின் பெயரையும் முகவரியையும் எடுத்துக் காட்டினார்கள். எதையும் ஹேக் செய்யவில்லை. அதற்கும் முன்பே, 2019-ல் நியூயார்க் டைம்ஸ் கைக்கு ஒரு ஃபைல் வந்தது. 1.2 கோடிக்கும் மேற்பட்ட போன்கள் எங்கெங்கே போயின என்ற 5,000 கோடி இருப்பிடப் பதிவுகள். சாதாரண ஆப்கள் சேர்த்துக் கொடுத்தவை. சிடிஓஎஸ்ஸுக்குள் சுவர் ஏறிக் குதித்து எய்டன் திருடுகிற டேட்டாவை, வெளியே ரசீது போட்டே விற்கிறார்கள்.

இன்னொரு வித்தியாசம், ப்ரொஃபைலர் ஒரு தடவைகூட ஆள் மாற்றிச் சொல்லாது. 2020 ஜனவரியில் டெட்ராய்டில் கைக்கடிகாரங்கள் திருட்டுப்போன வழக்கில், முகம் அறியும் மென்பொருள் தப்பான ஆளைக் காட்ட, போலீஸ் அவரை அவர் வீட்டு வாசலில், மனைவி குழந்தைகள் கண் முன்னால் விலங்கு மாட்டிக் கூட்டிப்போனது. தப்புச் செய்கிற ப்ரொஃபைலரை நம்பி யாரையாவது அடித்துவிட்டு, பிறகு அது வேறு ஆள் என்று தெரியவந்தால் எப்படி இருக்கும்? அந்த கேமை நான் முதல் நாளே வாங்குவேன்.

இரண்டாம் பாகம் நடக்கிற சான் பிரான்சிஸ்கோ, 2019-ல் போலீஸ் உள்பட நகர நிர்வாகம் எதுவும் முகமறிதலைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை போட்டது. 2024 மார்ச்சில் அதே ஊர்க்காரர்கள், போலீஸ் கேமராக்களுக்கும் ட்ரோன்களுக்கும் கட்டுப்பாட்டைத் தளர்த்த வாக்களித்தார்கள். அந்தப் பாகத்தின் ஹேக்கர் கூட்டமான டெட்செக் கூரை கூரையாகத் தாவிச் சண்டை போட்ட விஷயம், நிஜத்தில் வாக்குச்சீட்டில் 'புரொபொசிஷன் ஈ' என்ற பெயரில் வந்து போய்விட்டது.