ரத்தான வழக்கை இன்னும் எத்தனை வருஷம் சுமப்பது?

உயர் நீதிமன்றமே ரத்து செய்த வழக்கைக் காட்டி ஒருவனுக்கு வேலை இல்லை என்று சொல்ல முடியும் என்றால், அந்த உத்தரவுக்கு என்னதான் மதிப்பு? ஏட்டிடம் கேட்டேன், வக்கீலிடம் கேட்டேன், கம்பெனியில் ஆள் எடுக்கும் அதிகாரியிடமும் கேட்டேன். "நாங்க என்னம்மா பண்றது, சிஸ்டத்துல அப்படித்தான் வருது" என்பதுதான் எல்லோரும் சொன்ன பதில். அந்த சிஸ்டத்தில் பெயரை ஏற்றியவர்கள் மனிதர்கள்தானே? ஏற்றத் தெரிந்தவர்களுக்கு இறக்கத் தெரியாதா?

என் தம்பி விஷயம்தான். நாங்கள் அரூர் பக்கம். போர்வெல் தண்ணீரில் புளோரைடு இருக்கிறது, அதைக் குடிக்காதீர்கள் என்று அரசாங்கமே சொல்லும் மாவட்டம் தருமபுரி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். 2018 கோடையில் எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியின் மோட்டார் எரிந்து போய், மாற்ற ஆளில்லாமல் கிடந்தது. பெண்கள் காலிக்குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள். அதிகாரிகள் வந்து, மோட்டாரை மாற்றித் தருகிறோம் என்று சொன்னதும் எழுந்து வந்துவிட்டார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. யாரும் கல்லெறியவில்லை, எந்தப் பஸ்ஸின் கண்ணாடியும் உடையவில்லை. அம்மாவை வண்டியில் கூட்டிவரப் போன என் தம்பி ஓரமாக நின்றிருந்தான். கையில் நோட்டோடு வந்த போலீஸ்காரருக்குத் தெரிந்த முகங்களின் பெயரெல்லாம் முதல் தகவல் அறிக்கையில் ஏறியது, கடைசியில் "மற்றும் பலர்" என்று முடிந்தது. தம்பியின் பெயர் அந்தப் பலரில் போயிருக்கக் கூடாதா? அப்பா பெயரோடு, தெருப் பெயரோடு தெளிவாக இருந்தது.

இந்தியத் தண்டனைச் சட்டம் 143, 341, 188. சட்டவிரோதமாகக் கூடியது, வழி மறித்தது, அரசு ஊழியரின் உத்தரவை மீறியது. மூன்றில் எதற்கும் ஆறு மாதத்துக்கு மேல் தண்டனை கிடையாது. ஓராண்டு வரை தண்டனை உள்ள குற்றமென்றால், அது நடந்த ஓராண்டுக்குள் நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுத்திருக்க வேண்டும் என்றது அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468-வது பிரிவு. எங்கள் வழக்கில் குற்றப்பத்திரிகையே போடவில்லை. அது மட்டுமா? 188-வது பிரிவுக்கு போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போடவே முடியாது, சம்பந்தப்பட்ட அரசு ஊழியர் நீதிமன்றத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஜீவானந்தம் வழக்கில் சொன்னது அதே 2018-இல்தான். ஆக, தொடக்கமே கோணல். 2019 கோடையோடு அந்த வழக்குக்குச் சட்டப்படி உயிரும் இல்லை. ஆனால் நிலையத்துக் கணினியில் அது "புலன் விசாரணையில்" என்றே கிடந்தது. ஒரு சம்மன் வரவில்லை, ஒரு போலீஸ்காரர் வந்து கேட்கவில்லை. நாங்களும் அது போய்விட்டது என்றே நினைத்தோம்.

தம்பி ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவன். பெங்களூருவில் கட்டட வேலைக்கு வயரிங் இழுத்துக்கொண்டிருந்தான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதும், ஓசூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நிரந்தர வேலை கிடைத்தால் வாரா வாரம் வீட்டுக்கு வரலாம் என்று முயற்சி செய்தான். எழுத்துத் தேர்வு, நேர்காணல் எல்லாம் தேறினான். காவல் துறையிடம் நன்னடத்தைச் சான்று வாங்கி வரச் சொன்னார்கள். விண்ணப்பித்தான். "வழக்கு உள்ளது" என்று வந்தது. போன் செய்தவன் குரலே மாறிப்போயிருந்தது. "அக்கா, நான் என்னக்கா பண்ணேன்?" என்றுதான் கேட்டான்.

சரி, தப்பான வழக்கு, ரத்து செய்துவிடலாம் என்றார் வக்கீல். எங்கே? சென்னையில். தருமபுரியிலிருந்து ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்குத்தான். அப்போது அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் அது 528. பிரிவின் எண்தான் மாறியது, தூரமும் செலவும் அப்படியேதான் இருக்கின்றன. குடிக்கத் தண்ணீர் கேட்டதற்குப் போட்ட, காலமும் கடந்துவிட்ட ஒரு வழக்கை முடிக்க அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. போட்டது போலீஸ், கிடப்பில் வைத்தது போலீஸ், செலவு மட்டும் எங்களுடையதா? காலம் கடந்த வழக்குகளை நிலையமே கணக்கெடுத்து முடிக்கக் கூடாதா?

உத்தரவு வந்தது. வழக்கு ரத்து. அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தோம். சான்றிட்ட நகலை நிலையத்தில் கொடுத்தோம், ரைட்டர் வாங்கிக் கோப்பில் சேர்த்தார். தம்பி மறுபடியும் விண்ணப்பித்தான். இந்த முறை வந்த அறிக்கையில் வழக்கு எண், வருடம், பிரிவுகள் எல்லாம் வரிசையாக இருந்தன. அவற்றின் கீழே "உயர் நீதிமன்றத்தால் ரத்து செய்யப்பட்டது" என்று ஒரு வரி. கம்பெனியில் அந்தக் கடைசி வரியை யாரும் படிக்கவில்லை. "கேஸ் இருந்திருக்கேப்பா, மேனேஜ்மென்ட் ஒத்துக்க மாட்டாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அவனுக்குப் பின்னால் நின்றவனுக்கு அந்த வேலை போனது.

எனக்கு வயிறு எரிவது இங்கேதான். ஒருவன் மேல் எஃப்.ஐ.ஆர். போட்டால், பாலியல் குற்றம், தீவிரவாதம் போன்ற சில வழக்குகளைத் தவிர, அதை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவன் தன் மேல் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று உடனே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக வந்த நல்ல உத்தரவு அது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் விடுதலையானாலோ ரத்தானாலோ அந்தப் பெயரை 24 மணி நேரத்தில் எடு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 24 மாதத்தில் எடு என்றுகூட இல்லை. நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களையும் இணைக்க சி.சி.டி.என்.எஸ். என்ற வலையை 2009-இலிருந்து கட்டுகிறார்கள். அரூரில் ஏற்றிய பெயர் எந்த மாநிலத்தில் தேடினாலும் வரவேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை பணமும் உழைப்பும். அதே வலையில் பெயரை இறக்க ஒரு வழி வைக்க ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். அழிக்க இந்தச் சட்டங்களுக்கே தெரிகிறது. பதினெட்டு வயது ஆகாத பிள்ளை தவறு செய்தால், மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் அந்தப் பதிவை அழிக்க வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-வது பிரிவு. கொடுங்குற்றத்துக்குப் பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்ற பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் விலக்கு. கைரேகை, கருவிழிப் பதிவெல்லாம் எடுக்க 2022-இல் வந்த சட்டத்தைப் பாருங்கள். பதிவுகளை 75 ஆண்டு வைத்திருக்கலாம் என்று கடுமையாக எழுதிய அதே சட்டம், முன்பு தண்டனை பெறாத ஒருவர் விடுதலையாகி மேல்முறையீடெல்லாம் முடிந்துவிட்டால், நீதிமன்றம் வேறு மாதிரி சொல்லாதவரை அவற்றை அழிக்க வேண்டும் என்கிறது. விரல் ரேகையை அழிக்க முடிகிறது, பெயரை முடியாதா?

வெளிநாட்டில் இதற்கென்றே சட்டம் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1974-லேயே, சிறிய தண்டனை பெற்றவர் குறிப்பிட்ட காலம் ஒழுங்காக இருந்துவிட்டால் பெரும்பாலான வேலைகளுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை என்று ஆக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு விதமாக, நீதிமன்றத்தில் மனுப் போட்டுப் பதிவை அழிக்கவோ மூடி வைக்கவோ வழி இருக்கிறது. பென்சில்வேனியாவில் 2018-இல் கொண்டுவந்த சட்டப்படி, தகுதியான பழைய பதிவுகளைக் கணினியே தேடி மூடிவிடுகிறது, மனுவே வேண்டாம். அங்கெல்லாம் தண்டனை பெற்றவனுக்கே இவ்வளவு இருக்கிறது. நாங்கள் கேட்பது தண்டனையே பெறாதவனுக்கு!

அப்புறம், தண்டனை பெற்றவர்கள் கதையும் ஒன்று இருக்கிறது. கிருஷ்ணகிரி பக்கம் லாரி ஓட்டும் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் பொங்கலுக்குச் சீட்டாடியபோது பிடிபட்டார். "ஒத்துக்கிட்டு அபராதம் கட்டிட்டுப் போப்பா, இல்லன்னா வாய்தா வாய்தான்னு அலையணும்" என்று கோர்ட் வாசலில் சொன்னார்கள். ஒரு நாள் கூலியை இழக்க மனமில்லாமல் சில நூறு ரூபாயைக் கட்டிவிட்டு வந்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது தண்டனைத் தீர்ப்பு என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. இப்போது பள்ளி வேன் ஓட்டும் வேலைக்குப் போனால் அது முன்னால் வந்து நிற்கிறது. குற்றம் செய்தவரை ஜெயிலுக்கு அனுப்பாமல் கண்டித்தோ, ஒழுங்காக இருப்பேன் என்று உறுதி வாங்கியோ விடுவிக்க நன்னடத்தைச் சட்டம் என்று 1958-இல் ஒன்று வந்தது. அதன்படி விடுவிக்கப்பட்டால், தண்டனையால் வரும் தகுதியிழப்பு வராது என்று 12-வது பிரிவு சொல்கிறது. கேட்டிருந்தால் அந்தச் சலுகை கிடைத்திருக்கலாம். சிறு வழக்குகளில் வக்கீலே இல்லாமல் வரிசையில் நிற்பவனுக்கு இதை யார் சொல்வது?

காவலர் வேலைக்கு ஓடும் பையன்கள் நிலைமை இன்னும் மோசம். விடிகாலையில் ரோட்டோரம் ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பிள்ளைகளைத் தருமபுரி மாவட்டத்தில் எந்த ஊரிலும் பார்க்கலாம். காவலர் பணி விதி 14(பி) என்ன சொல்கிறது தெரியுமா? சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்யப்பட்டவரையும், புகார்தாரர் பிறழ்சாட்சியானதால் விடுதலையானவரையும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருத வேண்டும். 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் இதை ஏற்றுக்கொண்டது. கீழ்க்கோர்ட்டுகளில் பெரும்பாலான விடுதலைத் தீர்ப்புகளில் சந்தேகத்தின் பலன் என்றுதானே எழுதுகிறார்கள்? தீர்ப்பில் எந்தச் சொல்லைப் போடுவது என்பது அந்தப் பையன் கையிலா இருக்கிறது? போலீஸ் வேலைக்கு ஒழுக்கம் முக்கியம், ஒப்புக்கொள்கிறேன். அதற்காகத் திருவிழாத் தள்ளுமுள்ளையும் கொலை முயற்சியையும் ஒரே தட்டில் வைக்கலாமா?

"நெருப்பில்லாம புகையுமா?" என்று கேட்கிறார்கள், படித்தவர்களே கேட்கிறார்கள். இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு அப்படிக் கேட்க எப்படி மனம் வருகிறது? வாச்சாத்தி எங்கள் தாலுகாவில்தான் இருக்கிறது. 1992 ஜூனில் சந்தன மரம் தேடுகிறோம் என்று வந்தவர்கள் அந்த ஊரைச் சூறையாடினார்கள். அன்றைக்கு வழக்குப் போட்டு ஜெயிலில் அடைத்தது ஊர் மக்களை. பெண்களையும் குழந்தைகளையும். உண்மைக் குற்றவாளிகள் சீருடையில் வந்தவர்கள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011-இல் சொன்னது, உயர் நீதிமன்றம் 2023-இல் அதை உறுதி செய்தது. எஃப்.ஐ.ஆர். என்பது ஒரு தரப்பு எழுதிய முதல் தகவல் மட்டும்தான் என்று புரிந்துகொள்ள இதற்கு மேல் என்ன வேண்டும்?

பெண்ணைச் சீரழித்தவன், குழந்தை மேல் கை வைத்தவன், ஆளை வெட்டியவன், இவர்கள் தண்டிக்கப்பட்ட பதிவை அழிக்க நான் கேட்கவில்லை. அது இருக்கட்டும், இருக்கத்தான் வேண்டும். ரத்தானதும், விடுதலையானதும், காலம் கடந்து செத்துப்போன மறியல் வழக்கும் அதே பட்டியலில் ஏன் நிற்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

போதாக்குறைக்கு இணையம் வேறு. ரத்து உத்தரவையே யாரோ ஒரு இணையதளம் ஏற்றி வைத்திருக்கிறது. தம்பி பெயரைத் தேடினால் முதலில் வருவது அதுதான். பெண் வீட்டார் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் பேசவே இல்லை. விடுதலையான ஒருவர், தீர்ப்பிலிருந்து தன் பெயரை மறைக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் போனார். அதற்குச் சட்டம் இல்லை என்று 2021-இல் தனி நீதிபதி தள்ளுபடி செய்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு பெயரை மறைக்க உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் சொன்ன நாட்டில், விடுதலையானவனுக்கு அது எப்போது வரும்?

சென்னை-சேலம் எட்டு வழிச் சாலைக்கு நிலம் தர மாட்டோம் என்று போராடியவர்கள் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, ஊத்தங்கரைப் பக்கம் எத்தனை பேர்! அந்தப் போராட்டத்தையும் சேர்த்து 5,570 வழக்குகளை வாபஸ் வாங்குவதாக 2021 செப்டம்பரில் அரசு அறிவித்தது. வழக்கு போனது சரி, கணினியில் பெயர் போனதா என்று அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலைமைதான் இருக்கிறது. பிள்ளைகள் வேலைக்குப் போகும்போதுதான் பலருக்கும் தெரியவருகிறது.

வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுக்கப் போகிறோம். ரத்து, விடுதலை உத்தரவு வந்தால் நீதிமன்றமே அதை நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். நிலையம் குறிப்பிட்ட நாளுக்குள் கணினியில் திருத்த வேண்டும். வேலைக்கான சான்றில் "வழக்கு எதுவும் இல்லை" என்று மட்டும் வர வேண்டும், ரத்தான வழக்கின் எண்கூட வரக் கூடாது. காலம் கடந்த சிறு வழக்குகளை நிலையங்களே கணக்கெடுத்து முடிக்க வேண்டும். சட்டம் போடுவது ஆட்சியர் கையில் இல்லை என்று எனக்கும் தெரியும், மேலே அனுப்புவது அவர் கையில்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழைய மறியல் வழக்கு இருந்தால், எஃப்.ஐ.ஆர். நகலும் தீர்ப்பின் சான்றிட்ட நகலும் எடுத்துக்கொண்டு காலை பத்து மணிக்கு முன்னால் தருமபுரி ஆட்சியர் அலுவலக வாசலுக்கு வந்துவிடுங்கள். தீர்ப்பு நகல் கையில் இல்லையென்றால் அந்த நீதிமன்றத்தில் இன்றைக்கே நகல் மனுப் போடுங்கள், கிடைக்க நாளாகும்.