யாரோ ஓட்டிய வண்டிக்கு நம் பெயரில் அபராதம்

நாம் போகவே போகாத சாலையில், நாம் ஓட்டாத வண்டிக்கு, நம் பெயருக்கு அபராத நோட்டீஸ் வருகிறது. சரி, தவறு நடப்பதுதான், சொன்னால் திருத்திவிடுவார்கள் என்று போனால், "அது உங்கள் வண்டி இல்லை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்" என்கிறார்கள். இதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. குற்றம் சாட்டுகிறவர்தானே ஆதாரம் காட்ட வேண்டும்?

கேமரா படிப்பது நம்பர் பிளேட்டை. பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு நோட்டீஸ் போய்விடும். எண்ணையே தப்பாகப் படித்தால்? 2021-ல் இங்கிலாந்தின் பாத் நகரில், பேருந்துத் தடத்தில் நடந்து போன ஒரு பெண்ணின் டி-ஷர்ட்டில் 'நிட்டர்' (KNITTER) என்று எழுதியிருந்தது. தோள்பையின் வார் அந்த எழுத்துகளின் குறுக்கே விழ, கேமரா அதை KN19 TER என்ற வண்டி எண்ணாக எடுத்துக்கொண்டது. அபராதம் போனது சுமார் 190 கி.மீ. தள்ளி இருந்த ஒரு தம்பதிக்கு! படத்தில் வண்டியே இல்லை, ஒரு பெண் நடந்து போகிறார், அவ்வளவுதான். அனுப்புவதற்கு முன் யாராவது ஒரு நொடி பார்த்திருந்தால் போதும். பிறகு ரத்து செய்தார்கள்.

இவ்வளவு அப்பட்டமான பிழை என்றால் தப்பித்துவிடலாம். போலி நம்பர் பிளேட் விவகாரம் அப்படி இல்லை. விவரம் தெரிந்த திருடன் தன் வண்டியின் அதே மாடல், அதே நிறம் உள்ள இன்னொரு வண்டியாகப் பார்த்துத்தான் எண்ணை எடுப்பான். அப்புறம் உண்மையான உரிமையாளர் அந்த மங்கலான படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, என் பம்பரில் கீறல் இருக்கிறது, இதில் இல்லை, என் பின்கண்ணாடியில் ஸ்டிக்கர் இருக்கிறது, இதில் இல்லை என்று தேடித் தேடி எழுதி அனுப்ப வேண்டும். வண்டியை விற்றவர் கதையும் இதுதான். வாங்கியவர் பெயர் மாற்றாமல் ஓட்டிக்கொண்டே இருப்பார், நோட்டீஸ் மட்டும் பழைய முகவரிக்கு வந்துகொண்டே இருக்கும்.

இது கேமரா வந்த பிறகு முளைத்த பிரச்சினையும் இல்லை. 1979-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஒருவர், பிடித்த சொல்லையே வண்டி எண்ணாக வைத்துக்கொள்ளும் விருப்ப எண்ணுக்கு விண்ணப்பித்தார். கேட்ட இரண்டு சொற்களும் கிடைக்காவிட்டால் வேறு எதுவும் வேண்டாம் என்ற பொருளில் 'நோ பிளேட்' என்று எழுதினார். அதையே எண்ணாகக் கொடுத்துவிட்டார்கள். நம்பர் பிளேட் இல்லாமல் நின்ற வண்டிகளுக்கெல்லாம் காவலர்கள் சீட்டில் எழுதியது அதே சொற்கள்தான், அதனால் கலிபோர்னியா முழுவதிலுமிருந்து சுமார் 2,500 நோட்டீஸ்கள் அவர் வீட்டுக்கு வந்து குவிந்தன.

ஓட்டியது யார் என்பதைக் கண்டுபிடிப்பது யார் வேலை? பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 172-ஆவது பிரிவின்படி, வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் ஓட்டியவரின் விவரத்தைச் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் அதுவே தனிக் குற்றம். ஜெர்மனியில் வேக மீறலுக்கு, ஓட்டியவர் யார் என்பதை அதிகாரிகள் நிறுவ வேண்டும், அதனால்தான் கேமரா முகத்தையும் சேர்த்துப் பிடிக்கிறது. என்னைக் கேட்டால் இதுதான் நியாயம்.

இதில் ரொம்பவே நசுங்குவது சம்பளத்துக்கு ஓட்டுகிறவர்கள். காலையில் ஒருவர், ராத்திரியில் இன்னொருவர் என்று ஒரே வண்டி கை மாறும். நோட்டீஸ் வருவதற்குள் யார் எப்போது ஓட்டினார் என்பதே மறந்திருக்கும். முதலாளி கடைசியாகச் சாவி வாங்கியவர் சம்பளத்தில் பிடித்துவிடுவார். எதிர்த்துக் கேட்டால் வேலை போய்விடும் என்று அவரும் வாயை மூடிக்கொள்வார். தேதி, நேரம், ஓட்டியவர் கையெழுத்து என்று வண்டியிலேயே ஒரு நோட்டு வைத்திருந்தால் பாதிச் சண்டை இல்லை, அதைக்கூடப் பல இடங்களில் செய்வதில்லை.

இப்படி உங்களுக்கு வந்தால், சின்னத் தொகைதானே, அலைவதை விடக் கட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பல இடங்களில் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே பதிவாகும், லைசென்ஸிலும் ஏறலாம். முதலில் படத்தைக் கேளுங்கள், கெடு முடிவதற்குள் மறுப்பை எழுத்தில் கொடுங்கள். போலி எண் என்று தெரிந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீதைப் பத்திரமாக வையுங்கள், அந்த எண்ணை மாட்டியவன் இன்னும் ஓட்டிக்கொண்டுதான் இருப்பான், அடுத்த நோட்டீஸுக்கும் அது தேவைப்படும்.