ஒரே இரவில் இடம் மாறிய ‘நில்’ பலகைகள்

எங்கள் தெருவும் குறுக்குத் தெருவும் சந்திக்கும் இடத்தில், பல ஆண்டுகளாக எங்கள் பக்கம் இருந்த ‘நில்’ பலகைகளைப் பிடுங்கி, குறுக்குத் தெருவின் இரு பக்கங்களிலும் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். வீடுகளுக்கு ஒரு துண்டறிக்கைகூட வரவில்லை. சந்திக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகையும் இல்லை. நேற்றுவரை நிற்காமல் போனவர்கள் இன்று நிற்க வேண்டும், நேற்றுவரை நின்றவர்கள் இன்று நேரே போகலாம் என்பதை அவரவரே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

தினமும் ஒரே வழியில் வண்டி ஓட்டுபவர் ஒவ்வொரு முறையும் பலகையைப் பார்த்து ஓட்டுவதில்லை, பழக்கத்தில் ஓட்டுகிறார். சாலையை வடிவமைப்பவர்கள் முதலில் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய மனித இயல்பு அது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கிறது. எதிர்பாராத ஒன்றைக் கண்டு, புரிந்துகொண்டு, பிரேக்கை மிதிப்பதற்குச் சாலைப் பொறியியலில் வழக்கமாக ஒதுக்கும் நேரம் 2.5 நொடி. அதற்குள், வேகம் குறையத் தொடங்கும் முன்பே, வண்டி 35 மீட்டர் ஓடிவிடுகிறது; முழுதாக நிற்பதற்கான தூரம் அதற்கு மேல் தனியாக வேண்டும். மரக்கிளைக்குப் பின்னால் பாதி மறைந்திருக்கும் புதிய பலகையைக் கடைசி நேரத்தில் காண்பவருக்கு அவ்வளவு தூரம் எங்கே இருக்கிறது? அதே நொடியில், தம் பக்கத்துப் பலகை அகற்றப்பட்டதை நம்பி, எங்கள் தெருவிலிருந்து ஒருவர் நிற்காமல் சந்திக்குள் நுழைகிறார். அங்கே நேரக்கூடியது பக்கவாட்டு மோதல். காரின் முன்புறத்தில் அடியை வாங்கிக்கொள்ள நீண்ட பகுதி இருக்கிறது. பக்கவாட்டில், உள்ளே இருப்பவருக்கும் மோதும் வண்டிக்கும் நடுவே இருப்பது ஒரு கதவுதான், அந்தக் கதவை ஒட்டிப் பின் இருக்கையில் குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்!

காரணம் கேட்டால், குறுக்குத் தெருவில் வேகம் மிகுந்துவிட்டது என்கிறார்கள். வேகத்தைக் கட்டுப்படுத்த ‘நில்’ பலகையைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துக் குறியீட்டுக் கையேடே சொல்கிறது. அந்தப் பலகை யாருக்கு முதலில் வழி என்பதைத் தீர்மானிப்பதற்கானது. சந்தியில் நின்றவர் இழந்த நேரத்தை ஈடுகட்ட அடுத்த சந்திவரை இன்னும் வேகமாகப் போகிறார் என்பதை எங்கள் வாசலில் நின்றாலே பார்க்கலாம். வேகம்தான் கவலை என்றால் வேகத்தடை போடலாம், சந்தியைக் குறுக்கலாம், சிறு வட்டத் திட்டு அமைக்கலாம்.

எண்கோண வடிவத்தை இந்தப் பலகைக்கென்றே ஒதுக்கியதன் பயன், எழுத்து தெரியாத பின்புறத்திலிருந்து பார்த்தாலும் எதிரே வருபவர் நிற்க வேண்டியவர் என்பது அடையாளம் தெரியும் என்பதே. அவ்வளவு யோசித்து உருவாக்கிய குறியீட்டை, இங்கே யாரும் ஒரு நிமிடம் யோசிக்காமல் இடம் மாற்றியிருக்கிறார்கள்.

மாற்றியே தீர வேண்டுமென்றால் அதற்கு முறை இருக்கிறது. முதலில் நான்கு பக்கமும் ‘நில்’ பலகை வைத்து, எல்லோரும் நின்று பழகச் சில வாரங்கள் விட்டு, பிறகே ஒரு தெருவின் பலகைகளை எடுக்க வேண்டும். எடுக்கும்போது, குறுக்கே வரும் வண்டிகள் நிற்காது என்ற அறிவிப்பை மற்றத் தெருவின் பலகைகளுக்குக் கீழே மாட்ட வேண்டும். எங்கள் பக்கத்திலிருந்து பிடுங்கிய இரண்டு பலகைகளையும் நாளைக் காலைக்குள் மீண்டும் நட்டுவிட்டு, அந்த மரக்கிளையையும் வெட்டிவிட்டு, மற்றதைப் பேச வாருங்கள்.