கவுனி அரிசி கேட்ட அண்ணனுக்கு

பர்மா ராணுவ ஆட்சியைப் பற்றி நான் போட்ட பதிவின் கீழே, உறவுக்கார அண்ணன் ஒருவர் போட்ட கமெண்டால் நேற்று முன்தினம் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை வேண்டாம். பார்க்காதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் எதையும் அழிக்கவில்லை, அவரும் இன்னும் அழிக்கவில்லை. "ஆச்சி, பர்மா அரசியலெல்லாம் நமக்கெதுக்கு? நல்லா ஒரு கவுனி அரிசி செய்முறை போடுங்க, புண்ணியமாப் போகும்." இவ்வளவுதான் அவர் எழுதியது. கூடவே ஒரு கும்பிடு. அதற்கு விழுந்த ஹாஹாக்கள் என் பதிவுக்கு விழுந்த லைக்குகளைவிட அதிகம்.

கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் பிளாக் செய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். இவரோ வாய் நிறைய ஆச்சி என்று கூப்பிட்டு, கும்பிட்டு, அப்புறம் அடுப்படிக்குப் போகச் சொல்கிறார். இதற்குக் கோபப்பட்டால் என்னைத்தான் எல்லாரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பரவாயில்லை, பார்க்கட்டும்.

அண்ணே, முதலில் ஒன்று. நீங்கள் ஆசையாகக் கேட்ட கவுனி அரிசியே பர்மாவிலிருந்து வந்ததுதான். கொண்டுவிக்க, அதாவது அங்கே வட்டிக் கடை வைத்துத் தொழில் செய்யப் போன நம் ஆட்கள் கொண்டுவந்து நம் வீடுகளில் பழக்கிவிட்டது. இன்றைக்கு அது இல்லாமல் நம் கல்யாணப் பந்தி உண்டா? சீனியும் தேங்காய்த் துருவலும் நெய்யும் போட்டால் பர்மா இனிக்கிறது, அங்கே மனிதர்கள் சாகிறார்கள் என்று எழுதினால் மட்டும் கசக்கிறது.

அப்படி நான் என்னதான் எழுதிவிட்டேன்? 2020 நவம்பர் தேர்தலில் ஜெயித்த கட்சியை 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் கவிழ்த்தது. அந்தக் கட்சித் தலைவி ஆங் சான் சூச்சியை உள்ளே போட்டது. ராணுவம் நியமித்த தேர்தல் ஆணையம் 2023-ல் அந்தக் கட்சியையே கலைத்தது. அதற்கப்புறம் 2025 டிசம்பர் கடைசியில் ஆரம்பித்து தவணை தவணையாக ஒரு தேர்தலை நடத்தினார்கள். நிற்க வேண்டியவர்களைச் சிறையில் வைத்துக்கொண்டு நடத்துவதற்குப் பெயர் தேர்தலா என்று கேட்டேன். அதே ஆட்கள் 2025 மார்ச் 28 அன்று மாண்டலே பக்கம் பூமி 7.7 அளவுக்குக் குலுங்கி மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துக் கிடந்தபோதும் விமானத்திலிருந்து குண்டு போடுவதை நிறுத்தவில்லை என்றும் எழுதினேன். நம் ஆட்கள் பாதிப்பேர் அந்தப் பூகம்பத்தை பாங்காக்கில் ஒரு கட்டடம் சரிந்த வீடியோவாக மட்டும்தான் பார்த்தார்கள். அந்த ஆதங்கத்தில் எழுதியது. இதில் எந்த வரி அவருக்குக் குத்தியது என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

நமக்கெதுக்கு என்கிறாரே, அதுவும் செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு, அதைத்தான் தாங்க முடியவில்லை. தெலுங்கானாவிலோ ராஜஸ்தானிலோ இருக்கிற ஒருத்தர் கேட்டால் சரி என்று விடலாம். இவர் வீட்டு முகப்பில் நிற்கிற தேக்குத் தூண்கள் எந்தக் காட்டு மரம்? அதில் சாய்ந்துகொண்டுதான் இதை டைப் செய்திருப்பார். காரைக்குடியில் பர்மா காலனி என்று ஒரு பகுதியே இருக்கிறதே, அது என்ன சினிமா செட்டா? காலையில் அவர் சாப்பிட்ட இட்லிக்கு அரைத்த உளுந்து எது? மளிகைக் கடையில் கேட்டுப் பாருங்கள், பர்மா உளுந்து என்பார்கள். இந்தியா வெளியிலிருந்து வாங்கும் உளுந்தில் பல வருஷமாகப் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. ராணுவம் ஆட்சியைப் பிடித்த அதே 2021-ல், வருஷத்துக்கு 2.5 லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் ஐந்து வருஷத்துக்கு வாங்கிக்கொள்வதாக நம் அரசு அவர்களோடு ஒப்பந்தமே போட்டது. நான் எழுதினால் தேவையில்லாத அரசியல், அரசாங்கம் கையெழுத்துப் போட்டால் பருப்பு.

உலகச் செய்தி எங்கேயோ நடக்கிறது, நாம் சாவகாசமாக வேடிக்கை பார்க்கிறோம் என்று நினைப்பவர்கள் 2022-ஐ ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது, சூரியகாந்தி எண்ணெய் ஏறியது. ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது, மே 23 வரைக்கும் திறக்கவில்லை. நம் ஊரில் வீட்டில் வைத்துப் பலகாரம் போடுகிற பெண்கள் தேன்குழலுக்கு விலையை ஏற்றுவதா, பாக்கெட்டில் எண்ணிக்கையைக் குறைப்பதா என்று முழித்துக்கொண்டு நின்றார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அந்தச் சித்திரை முழுக்க மணகோலப் பலகாரம் போடுவதையே நிறுத்திவிட்டார். அவர்களிடம் போய் உக்ரைன் உங்களுக்கெதுக்கு என்று கேளுங்கள் பார்ப்போம். ஜல்லிக் கரண்டியோடு வருவார்கள்.

எங்கள் அப்பத்தா பள்ளிக்கூடம் பக்கம் அதிகம் போனவர் இல்லை. ஐயா, அதாவது எங்கள் தாத்தா, பர்மாவில் பெகு பக்கம் வட்டிக்குக் கடன் கொடுக்கும் ஒரு லேவாதேவிக் கடையில் ஏஜெண்டுக்கு உதவியாக, அடுத்தாளாக இருந்தவர். மூன்று வருஷக் கணக்குக்குக் கப்பலேறினால் நடுவில் நல்லது கெட்டதுக்குக்கூட வர முடியாது. ரங்கூனில் நெல் என்ன விலை என்பது அப்பத்தாவுக்கு எப்போதும் தெரியும், ஏனென்றால் அங்கே நெல் விலை விழுந்தால் இங்கே பணம் வராது. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டபோது, எங்கள் வீட்டு வளவில் பெண்கள் எல்லாரும் கூடி, பேப்பர் படிக்கத் தெரிந்த ஒரு பையனைப் பிடித்து நடுவில் உட்காரவைத்து, ஒரு எழுத்து விடாமல் படிக்கச் சொல்லிக் கேட்டார்களாம். அவன் பாதியில் எழுந்து ஓடப் பார்த்தால் சீடையைக் கொடுத்து மறுபடி உட்காரவைப்பார்களாம். யார் எந்தப் பக்கம் முன்னேறுகிறார்கள், எந்தத் துறைமுகம் யார் கையில், கப்பல் போகிறதா நின்றுவிட்டதா, எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அந்தக் காலத்தில் யாரும் அப்பத்தாவிடம் உலக அரசியல் உங்களுக்கெதுக்கு என்று கேட்கவில்லை. கேட்பதற்கு ஆண்கள் ஊரில் இருந்தால்தானே.

ஐயா 1942-ல் நடந்து வந்தவர். அரக்கான் மலையைத் தாண்டி, சிட்டகாங் வந்து, அங்கிருந்து ரயிலேறி. அந்த வருஷம் பர்மாவிலிருந்து கிளம்பிய இந்தியர்கள் லட்சக்கணக்கில், வழியில் காலராவிலும் பசியிலும் விழுந்தவர்கள் பல ஆயிரம். ஐயா மாற்றுத் துணியைக்கூடப் போட்டுவிட்டு கடன் கணக்கு எழுதிய ஒரு சிட்டையை மட்டும் இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். இனி எந்தக் கோர்ட்டிலும் செல்லாத அந்தச் சிட்டையை அப்பத்தா கடைசிவரை பெட்டகத்தில் வைத்திருந்தார். மாங் என்றும் மா என்றும் தொடங்கும் பர்மாக்காரர்களின் பெயர்கள், எதிரே ஏக்கர், ரூபாய், வட்டி. சின்ன வயதில் நான் அதை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறேன். எனக்கு பர்மா என்றால் அந்தப் பெயர்கள்தான்.

1962 மார்ச்சில் பர்மா ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்த சேதி வந்ததும் அப்பத்தா, "போச்சு, மிச்சமிருக்கவுகளும் இனி வந்துருவாக" என்றாராம். அப்படியே நடந்தது. பேங்க், கடை, தொழில் என்று ஒவ்வொன்றாக அரசாங்கம் எடுத்துக்கொள்ள, அந்தப் பத்து வருஷத்துக்குள் சுமார் 3 லட்சம் இந்தியர்கள் வெறுங்கையோடு வந்து இறங்கினார்கள். இங்கே பிழைக்க முடியாமல் மறுபடி பர்மாவுக்கே நடந்துபோகப் பார்த்து, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரேயிலேயே தங்கிவிட்ட தமிழர்கள் இருக்கிறார்கள். 2023 மணிப்பூர் கலவரத்தில் மோரேயும் எரிந்தது. அதுவும் நமக்கெதுக்கு, இல்லையா?

இப்போது சிலர் வருவார்கள் என்று தெரியும். வட்டிக்கு விட்டு நிலத்தைப் பிடுங்கிய குடும்பத்துப் பேத்தி பர்மாவுக்காகக் கண்ணீர் விடுகிறாளாக்கும் என்று. வாருங்கள். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் கடைகளின் கையில் 1930-ல் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம், 1938-ல் சுமார் 25 சதவீதம். இது எனக்கும் தெரியும். உலகம் முழுக்க மந்தம் வந்து நெல் விலை அதலபாதாளத்துக்குப் போனதால் கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலம் கைக்கு வந்தது, கடை வைத்திருந்தவர்களுக்கு வேண்டியது பணம்தானே தவிர வயல் இல்லை. நிலம் போனவனுக்கு இந்த விளக்கம் சோறு போட்டிருக்காது, அதுவும் தெரியும். அதற்காக? ஐயா கணக்கு எழுதினார் என்பதற்காக அந்தப் பெயர்களின் பேரப் பிள்ளைகள் மேல் குண்டு விழும்போது நான் கவுனி அரிசி கிண்டிக்கொண்டிருக்க வேண்டுமா? பழைய பாக்கி இருக்கிற வீட்டுக்காரர்கள்தான் முதலில் பேச வேண்டும் என்பேன். சரி, இது தனியாக எழுத வேண்டிய விஷயம், இங்கே விடுகிறேன்.

உள்ளூரில் பிரச்சினையே இல்லையா, அதைப் பேச மாட்டீர்களா என்பார்கள். பேசினேனே. எங்கள் ஊருணிக்கு மழைத் தண்ணீர் வரும் வரத்துக்கால் தூர்ந்து, பாதியில் கட்டடமும் வந்துவிட்டதைப் படத்தோடு போட்டேன். அதற்கு வந்த லைக்குகளை விரல்விட்டு எண்ணலாம். உள்ளூரைப் பேசு என்று இன்றைக்குச் சொல்கிறவர்களில் ஒருத்தரும் அன்றைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. உள்ளூரைப் பேசினால் ஏன் பகை என்கிறார்கள், உலகத்தைப் பேசினால் உள்ளூர் எங்கே என்கிறார்கள்.

நீங்கள் எழுதி அந்த ராணுவம் திருந்தப் போகிறதா என்று இன்னொருத்தர். திருந்தாது. செக்காலை ரோட்டு டீக்கடையில் தினமும் காலையில் ஏழெட்டுப் பேர் நின்று புடினுக்கும் நெதன்யாகுவுக்கும் யோசனை சொல்கிறார்களே, அவர்கள் கேட்டுக்கொண்டா நடக்கிறார்கள்? 2025 ஆகஸ்டில் ட்ரம்ப் நம் சரக்குகளுக்கு 50 சதவீத வரி போட்டபோது இந்த அண்ணனே பக்கம் பக்கமாக எழுதினார். அமெரிக்கா வீழப் போகிறது என்றார், டாலர் கதை முடிந்தது என்றார். நானும் மரியாதைக்கு ஒரு லைக் போட்டேன். அவர் பதிவின் கீழே போய் யாராவது, அண்ணே வாஷிங்டன் நமக்கெதுக்கு, உப்புக்கண்டம் போடுவது எப்படின்னு எழுதுங்க என்று கேட்டோமா? கேட்டிருந்தால் பொறுத்திருப்பாரா?

அங்கேதான் வருகிறது விஷயம். பர்மா ஒரு சாக்கு. நான் சமையல் போட்டால் ஆச்சி கைப்பக்குவம், கோலம் போட்டால் நம் பாரம்பரியம், அப்பத்தாவின் பழைய போட்டோவைப் போட்டால் கண்ணில் தண்ணீர் வருகிறது ஆச்சி. அதே அப்பத்தா பேப்பர் கேட்டது மாதிரி நானும் கேட்டு ஒரு வரி எழுதினால் உடனே கரண்டியை எடுத்துக் கையில் கொடுக்கிறார்கள். பெண் என்பதால் சொல்லவில்லை, உங்கள் சமையல் பிடிக்கும் என்பதால் சொன்னார் என்று ஒரு அயித்தை நேற்று போனில் சமாதானம் சொன்னார். அயித்தை, இத்தனை வருஷத்தில் அவர் என் சமையல் பதிவு ஒன்றில்கூட வந்து ஒரு வார்த்தை எழுதியதில்லை. பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டுப் பையன்கள் பர்மாவின் மியாவாடியில் ஆன்லைன் மோசடிக் கூடங்களில் அடைபட்டு, அடி வாங்கி, அப்புறம் மீட்கப்பட்டு வந்தது நினைவிருக்கும். அதற்குக் கொஞ்ச நாள் கழித்து எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கும் அதே மாதிரி ஒரு வேலை வந்தது. சம்பளம் டாலரில், டிக்கெட் அவர்களே போடுவார்களாம். பெட்டிகூடக் கட்டியாயிற்று. வேலை எந்த ஊரில் என்று கேட்டேன், மே சோட் என்றான். அது பாங்காக் பக்கம் இல்லை தம்பி, பர்மா எல்லை, ஆற்றைத் தாண்டினால் மியாவாடி என்று சொல்லி, செய்திகளை எடுத்துக் காட்டி, அவன் அம்மாவிடம் பேசி நிறுத்தியது நான். உலக அரசியல் படித்ததால்தான் எனக்கு அந்த ஊர்ப் பெயர் தெரிந்தது. பையன் இப்போது கோயம்புத்தூரில் நல்ல வேலையில் இருக்கிறான். நன்றாக இருக்கட்டும். நேற்று முன்தினம் அந்தக் கமெண்டுக்கு ஹாஹா போட்டவர்களின் பட்டியலைத் திறந்து பார்த்தேன், அதில் அவனும் இருந்தான்.

யோசிக்காமல் போட்டிருப்பான். எல்லாரும் யோசிக்காமல்தான் போடுகிறார்கள்.

பதிவை எடுத்துவிடுங்கள், உறவுக்குள் எதற்கு வம்பு என்று சொல்பவர்களுக்கு: எடுக்க மாட்டேன். உறவு என்பதால்தான் பெயர் போடவில்லை. அடுத்து மோரே தமிழர்களைப் பற்றி எழுதப் போகிறேன், அதற்கடுத்து அந்தச் சிட்டையைப் பற்றி. பிடிக்காதவர்கள் தாராளமாக அன்ஃபிரெண்ட் செய்துகொள்ளலாம், கல்யாணத்தில் பார்த்தால் எப்போதும் போல வாங்க என்பேன்.

அண்ணே, நேற்று ராத்திரி நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய "தமாசுக்குச் சொன்னேன், தப்பா எடுத்துக்காதீங்க ஆச்சி" வந்து சேர்ந்தது. பதில் போடவில்லை, போடவும் மாட்டேன். தமாசு பண்ணியது நாலு பேருக்கு நடுவில். சொல்ல வேண்டியதையும் அங்கேயே, அந்தக் கமெண்டுக்குக் கீழேயே எழுதுங்கள்.