911-க்கு என்ஜின் பின்னால்தான்

ஞாயிற்றுக்கிழமை காலை புதுச்சேரி காலாப்பட்டு டீக்கடை வாசலில் போர்ஷே 911 காரை வைத்து நடந்த வாக்குவாதத்தைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். கொஞ்சம் ஆறட்டும் என்று நான் பேசாமல் இருந்தேன். ஆறவில்லை. மஞ்சள் கார் அண்ணன் என்னை மட்டம் தட்டிப் பேசியது சரிதான் என்று எழுதியவர்களில் என் கூடவே வளர்ந்தவர்களும் இருப்பதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த தலைமுறை போர்ஷே 911-ல் என்ஜினை நடுவுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள், இல்லையென்றால் மொத்தமும் பேட்டரி, எப்படியும் பழைய 911 கதை முடிந்தது என்று அண்ணன் சொன்னார். ஆதாரமாகக் காட்டியது யாரோ கணினியில் வரைந்த ஒரு படம். நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: என்ஜின் பின்னால் இருந்தால்தான் அது 911. இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன். விளக்கின் வடிவம் மாறலாம், உள்ளே திரை மாறலாம், கூடவே மின்மோட்டார் வரலாம். பின்சக்கர அச்சுக்குப் பின்னால் அந்த ஆறு சிலிண்டர், பக்கத்துக்கு மூன்றாகப் படுத்துக்கொண்டு இருந்தே ஆக வேண்டும். அதை எடுத்துவிட்டு மேலே அதே உடம்பைப் போர்த்தினால், அதுவும் நல்ல காராக இருக்கலாம். 911 ஆகாது.

இது வெறும் பிடிவாதம் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். சின்ன வயதில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கல்யாண வீட்டு அம்பாசடர் ஒன்று மணலில் மாட்டிக்கொண்டது. என்ஜின் முன்னால், இழுவை பின்சக்கரத்துக்கு. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க பின்சக்கரம் மணலைப் பின்னால் வாரி இறைத்ததே தவிர வண்டி நகரவில்லை. சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அப்பா டிக்கியைத் திறந்து, கூட்டத்திலேயே கனமான இரண்டு மாமாக்களை உள்ளே உட்கார வைத்தார். கிளட்சை மெதுவாக விட்டார். சக்கரம் மணலைக் கவ்வியது, வண்டி ஏறி வந்துவிட்டது. கொஞ்ச காலம் கழித்து, கடலூர் முதுநகரில் இருந்த எங்கள் பட்டறைக்குப் புதுச்சேரியிலிருந்து ஒரு சொல்தா தாத்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், தன் பீட்டில் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். அப்பா அதன் பின் மூடியைத் தூக்கிக் காட்டினார். சூடான எண்ணெய் வாசனை முகத்தில் அடித்தது. "அன்னைக்கு மாமாங்களை உட்கார வச்சேனே, இதுல அந்த வேலையை என்ஜினே பார்த்துக்குது" என்றார். எனக்கு அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது. அந்த பீட்டிலை உருவாக்கிய ஃபெர்டினண்ட் போர்ஷேயின் வழியில் 1948-ல் போர்ஷே 356 கார் வந்தது, அதன் வாரிசாக 1963-ல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 911 வந்து நின்றது. விற்பனைக்கு வந்த எல்லாவற்றிலும் என்ஜின் ஒரே இடத்தில்தான், பின்னால்.

காரின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் பின்சக்கரங்கள் மேல் உட்கார்ந்திருக்கிறது. வளைவு முடிந்து ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மற்ற கார்கள் சறுக்கப் பார்க்கும் இடத்தில் இது தரையைப் பிடித்துக்கொண்டு கிளம்புகிறது. பிரேக் பிடித்தால் எடை முன்னால் சாயும், அப்போது நான்கு சக்கரமும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். வளைவின் நடுவில் பயந்துபோய்க் காலை எடுத்தால் வால் முன்னால் வரப் பார்க்கும், அதுவும் உண்மை. அந்தக் குணத்தோடுதான் அறுபது வருஷத்துக்கும் மேலாகப் பொறியாளர்கள் மல்லுக்கட்டி வருகிறார்கள். அந்த மல்லுக்கட்டில் பிறந்ததுதான் இந்தக் கார்.

"பந்தயக் காரிலேயே என்ஜினைப் பின்சக்கர அச்சுக்கு முன்னால் நகர்த்திவிட்டார்களே" என்று கேட்கிறார்கள். 911-ன் பந்தய வடிவமான 2017 ஆர்எஸ்ஆர் காரைச் சொல்கிறார்கள். நகர்த்தினார்கள்தான். காரின் பின்னடியில் காற்றுக்கு இடம் வேண்டும் என்று, பந்தயத்துக்காகச் செய்தது அது. அந்த ஆண்டு சாலையில் விற்ற 911-ல் என்ஜின் எங்கே இருந்தது? அதற்கப்புறம் 992 என்ற அடுத்த தலைமுறை 911 வந்தபோது எங்கே இருந்தது? வாடிக்கையாளர்களுக்கு விற்கும் ஜிடி3 ஆர் பந்தயக் காரில் இன்றைக்கு எங்கே இருக்கிறது? எல்லாம் பின்னால்தான். இதற்கு மட்டும் அண்ணனிடமிருந்து பதில் இல்லை.

"போர்ஷேயின் புதுத் தலைவர் ஃபெராரியிலும் மெக்லாரனிலும் இருந்துவிட்டு வந்தவர், நடு என்ஜின்தான் போடுவார்" என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். மிக்கேல் லைட்டர்ஸ் அந்த இரண்டுக்கும் முன்னால் போர்ஷேயிலேயே பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டம் இறுகுகிறதே என்பார்கள். இறுகுகிறது, மறுக்கவில்லை. அதை போர்ஷே பார்த்துக்கொள்ளும்.

இந்தக் காருக்கு இரங்கல் எழுதுவது ஒன்றும் புதிதில்லை. 1977-ல் போர்ஷேயின் இன்னொரு கார், 928 வந்தது. முன்னால் வி8 என்ஜின், சொகுசு, எல்லாம். 911-ஐ மெதுவாக நிறுத்திவிட்டு இதுதான் இனி என்று கம்பெனித் தலைவரே நினைத்தார். 1981-ல் பொறுப்புக்கு வந்த பீட்டர் ஷுட்ஸ், தலைமைப் பொறியாளர் ஹெல்முட் பாட் அறையில் மாட்டியிருந்த அட்டவணையில் 911-ன் கோடு நின்றுபோவதைப் பார்த்து, மார்க்கரை எடுத்து அந்தக் கோட்டைத் தாளைத் தாண்டிச் சுவர் வரைக்கும் இழுத்தார் என்பது இந்தக் காரை விரும்பும் எல்லோருக்கும் தெரிந்த கதை. 928 1995-ல் நின்றுபோனது. 911 ஓடிக்கொண்டிருக்கிறது. அப்புறம் காற்றில் குளிரும் என்ஜினை விட்டுத் தண்ணீருக்கு மாறியபோதும், 996 என்ற அந்தத் தலைமுறை 911-க்கு, விலை குறைந்த போர்ஷேயான பாக்ஸ்டர் காரின் முகத்தையே வைத்தபோதும் செத்துப்போச்சு என்றார்கள். 2017-ல் பத்து லட்சமாவது 911 தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது.

இப்போதைய 911 ஜிடிஎஸ் மாடலில் டி-ஹைப்ரிட், அதாவது பெட்ரோல் என்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த அமைப்பு வந்திருக்கிறது. மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் இதையே சாவுக்கு அத்தாட்சியாகக் காட்டுகிறார்கள். தயவுசெய்து உள்ளே பாருங்கள். பேட்டரி வெறும் 1.9 கிலோவாட் மணி. என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்குள்ளேயே ஒரு மின்மோட்டார், கியர்பாக்ஸுக்குள் இன்னொன்று. ஏசி கம்ப்ரசரை மின்சாரத்தில் ஓட்டுவதால் பெல்ட்டே கிடையாது. பெல்ட் போனதில் என்ஜினின் உயரம் 110 மில்லிமீட்டர் குறைந்து, மின்கருவிகளை அதன் தலைமேலேயே வைத்துவிட்டார்கள். மொத்தத்தில் கூடிய எடை 50 கிலோ. பட்டறையில் கை கறுத்தவனுக்கு இதைப் படித்தால் கண்ணில் தண்ணீர் வரும். என்ஜினை அதே இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். நாளைக்கு நகர்த்திவிடப் போகிறவர்கள் இப்படியா உழைப்பார்கள்? மற்றதெல்லாம் மின்சாரத்துக்குப் போனாலும் 911 கடைசியாகத்தான் போகும் என்று கம்பெனியே பலமுறை சொல்லியிருக்கிறது. என் கணிப்பு, அடுத்த தலைமுறையில் இந்த ஹைப்ரிட் இன்னும் பல மாடல்களுக்கு இறங்கும், என்ஜின் பின்னால்தான் இருக்கும். நிமிடத்துக்கு 9,000 சுற்று வரைக்கும் டர்போ இல்லாமல் பாடும் 911 ஜிடி3-ஐ மட்டும் விட்டுவைக்க வேண்டும் என்பது என் ஆசை. கையால் கியர் போடும் வண்டி ஒன்றாவது வேண்டும்.

சரி, இவ்வளவையும் நான் அங்கேயே சொல்ல ஆரம்பித்தேன். பாதியில்தான் அண்ணன் அதைச் சொன்னார். "ஆட்டோ ரிப்பேர் பண்றவன் ஆட்டோவைப் பத்திப் பேசு, இதெல்லாம் வாங்குறவங்க விஷயம்." எல்லோரும் சிரித்தார்கள். என் பட்டறையில் ஓசியில் ஆயில் மாற்றிக்கொண்டு போனவரும் சிரித்தார்.

ஆமாம், முதலியார்பேட்டையில் ஆட்டோதான் ரிப்பேர் செய்கிறேன். என் கைக்கு வரும் ஆட்டோக்களிலும் என்ஜின் பின்னால்தான் இருக்கிறது. மழை நாளில் சவாரி இறங்கிய காலி வண்டி சேற்றிலிருந்து எப்படி ஏறி வருகிறது என்று தினமும் பார்க்கிறவன் நான். என்னிடம் இல்லாதது பணம். அறிவும் இல்லை என்று யார் முடிவு செய்தது?

வாங்குகிறவர்கள்தான் பேச வேண்டுமாம். புதுச்சேரி எண் பலகை மாட்டிய விலையுயர்ந்த கார்கள் எத்தனை வெளிமாநிலங்களில் ஓடுகின்றன என்று ஊரே அறியும். வரி குறைவு என்று முகவரி மட்டும் இங்கே கொடுத்தவர்கள். அவர்களுக்கெல்லாம் காரைப் பற்றி என்னைவிட அதிகம் பேச உரிமை உண்டு, ஏனென்றால் ரசீது அவர்கள் பெயரில் இருக்கிறது, அப்படித்தானே? என் பட்டறையில் வேலை பழகும் பையன் ஒருவன், டர்போவுக்குள் மோட்டார் எதற்கு என்று கேட்டு, சாக்பீஸில் தரையில் வரைந்து புரிந்துகொண்டான். ஞாயிற்றுக்கிழமை அவனும் என் கூட நின்றான். திரும்பி வரும்போது வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு வலித்தது அதுதான். என்னைச் சொன்னதைப் பொறுத்துக்கொள்வேன்.

அண்ணனிடம் எனக்குப் பகை கிடையாது. அவர் கார் அழகான கார், அவர் உழைத்து வாங்கியது. அதன் பின் மூடியைத் திறந்து காட்டச் சொன்னபோது அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்ததையும் பார்த்தேன். அந்தப் பெருமை எதனால் என்று அவர் யோசிக்க வேண்டும்.

இதை நீக்கச் சொல்லிப் போன் செய்யப்போகிறவர்கள் சிரமப்பட வேண்டாம். நீக்க மாட்டேன். 1969 மாடல் 911-க்கு என்ஜினை அதே இடத்தில் விட்டுவிட்டு, பின்சக்கரங்களை மட்டும் 57 மில்லிமீட்டர் பின்னால் தள்ளினார்கள். ஏன் தள்ளினார்கள் என்று அடுத்த பதிவில் எழுதுகிறேன். அந்தப் பையன் படம் வரைந்து தருவதாகச் சொல்லியிருக்கிறான்.