கூடைக்காக யாரும் திமிங்கிலத்தைக் கொல்லவில்லை

திமிங்கிலத்தின் வாய்த் தகடான பலீனில் முடைந்த கூடை ஒன்றின் படத்தைப் பகிர்ந்திருந்தேன். கூடைக்காகத் திமிங்கிலத்தைக் கொல்கிறார்கள் என்று அதன் கீழே நேற்று முதல் நடக்கும் விசாரணையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். படத்தைப் பகிர்ந்த குற்றத்துக்காக எனக்கும் ‘கொலைக்குத் துணைபோகிறவர்’ என்ற பட்டம் கிடைத்திருக்கிறது, பெற்றுக்கொண்டேன். ஆனாலும் சொல்லியாக வேண்டும்: கூடைக்காக யாரும் திமிங்கிலத்தைக் கொல்லவில்லை.

அலாஸ்காவின் வட முனையில், முன்பு பாரோ என்றும் 2016 முதல் உத்கியாக்விக் என்றும் அழைக்கப்படும் ஊரில், பூர்வகுடிகளான இனுப்பியாட் மக்கள் வில்தலைத் திமிங்கிலத்தை வேட்டையாடுவது உண்பதற்காக. இறைச்சி ஊராருக்குப் பங்கிடப்படும். அதன் வாயில் சல்லடையாகத் தொங்கிய கறுப்புத் தகடுகள், அதாவது பலீன், மிஞ்சும். மிஞ்சியதில்தான் கூடை. அந்தத் திமிங்கிலத்தை அழிவின் விளிம்புவரை தள்ளியவர்கள், சீமாட்டிகளின் இடுப்பை இறுக்கும் கார்செட்டுக்காக இதே பலீனைத் தேடிக் கப்பலில் வந்த வணிகர்கள். எஃகுக் கம்பி வந்தது, மோஸ்தர் மாறியது, கப்பல்கள் போய்விட்டன. அதன் பிறகு, சார்லஸ் பிரவர் என்ற வணிகர் கேட்டுக்கொண்டதன் பேரில், வில்லோ வேர்க் கூடையின் வடிவத்தைப் பலீனில் முடைந்து காட்டியவர் கிங்குக்துக் என்ற இனுப்பியாட் கைவினைஞர். கப்பல் கப்பலாக அள்ளியவர்கள் மீது வராத கோபம், கத்தியால் இழை சீவுகிறவர் மீது மட்டும் உங்களுக்கு எப்படி வருகிறது?

ஒருவர் கொலை என்கிறார், அடுத்தவர், “பிளாஸ்டிக்தானே, இதற்கா இந்த விலை?” என்கிறார். இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தால் பதில் எழுத வசதியாக இருக்கும்.

வேலை நிமித்தம் அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் இருந்தபோது, கைவினைச் சந்தையில் ஒரு பெரியவர் முடைவதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பலீன் விறைப்பானது, கூடையின் அடிநடுவிலிருந்தே அதைச் சுருட்டித் தொடங்க முடியாது. எனவே வால்ரஸ் என்ற கடல் விலங்கின் தந்தத்தில் காசளவு வில்லை செதுக்கி, விளிம்பைச் சுற்றித் துளையிட்டு, ஊறவைத்துச் சீவிய இழையை அவற்றில் கோத்த பிறகுதான் முதல் சுற்றே தொடங்குகிறது. ஒவ்வோர் இழையையும் கட்டைவிரல் நகத்தால் நீவிப் பார்த்து, தடிமன் சற்றே பிசகினாலும் ஒதுக்கிவிட்டார். அந்த நேரத்தில்தான் ஒருவர் வந்து தள்ளுபடி கேட்டார்.

“தந்தம் தந்தம்தானே” என்பவர்களுக்கு: யானை வேறு, வால்ரஸ் வேறு. அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுக் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டமே அலாஸ்காவின் பூர்வகுடிகள் வால்ரஸ் தந்தத்தில் கைவினைப்பொருள் செய்து விற்பதை அனுமதிக்கிறது. கலிஃபோர்னியாவோ, 2016 முதல் வால்ரஸ் தந்தத்தையும் யானைத் தந்தத்தோடு சேர்த்தே தடுத்துவிட்டது. யானையைக் காப்பாற்றப் போய் முடைகிறவரின் சந்தையை அடைத்தாயிற்று.

விலங்கின் வலி பற்றிய கேள்வி நியாயமானதுதான். தோல் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கேளுங்கள்.

அம்மக்களைக் ‘காட்டுமிராண்டிகள்’ என்று எழுதியவர் என் நெடுநாள் நண்பர். அந்தச் சொல்லை இன்றிரவுக்குள் நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் நண்பர்கள் பட்டியலிலிருந்து உங்களை நான் நீக்கிக்கொள்கிறேன்.