ஸ்கீன்ஸ் பிட்ஸ்பர்க்கில் இருக்கும்போதே செலவழிக்க வேண்டும்

கொடுக்க முன்வந்த பணத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்ட ஒரு வீரரைப் பற்றிய செய்திக்கே ஓர் ஊரின் ரசிகர்கள் மகிழ்ந்துபோனதை இந்தக் குளிர்காலத்தில் பார்த்தேன். அமெரிக்க பேஸ்பால் வீரர் கைல் ஷ்வார்பர் 2025இல் பிலடெல்ஃபியா அணிக்காக 56 ஹோம் ரன்கள் (கிரிக்கெட்டின் சிக்ஸரைப் போலப் பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்தவர். ஒப்பந்தம் முடிந்து சந்தைக்கு வந்த அவருக்கு நான்கு ஆண்டுகளுக்குப் பன்னிரண்டு கோடி டாலர் அளவில் தர பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி முன்வந்ததாக 2025 டிசம்பரில் செய்திகள் வந்தன. அவரோ ஐந்து ஆண்டுகளுக்குப் பதினைந்து கோடி டாலர் என்று பேசி முடித்துக்கொண்டு பிலடெல்ஃபியாவிலேயே இருந்துவிட்டார். பைரேட்ஸ் ரசிகர்கள் அதற்கு வருத்தப்பட்டதைவிட, "நம் அணியா இவ்வளவு தர முன்வந்தது?" என்று வியந்ததே அதிகம். அந்த அணியைப் பல ஆண்டுகளாகப் பின்தொடரும் எனக்கும் முதலில் தோன்றியது அந்த வியப்புதான் என்பதை மறைக்கவில்லை. ஆனால் சொன்ன விலைக்கும் கொடுத்த பணத்துக்கும் உள்ள வேறுபாட்டை மறக்கும் அளவுக்கு ஒரு ரசிகர் கூட்டம் பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறது என்றால், அதற்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் நடுவே இன்று நிற்பவர் அணியின் பந்து வீச்சாளர் பால் ஸ்கீன்ஸ்.

பேஸ்பாலைத் தொடராத நண்பர்களுக்காக ஒரு விளக்கம். ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் ஒரே அளவு பணம்தான். 2025 சீசனுக்கு அது 120 கோடி ரூபாய். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் அப்படி உச்ச வரம்பு கிடையாது. ஒரு குறிப்பிட்ட தொகையைத் தாண்டும் அணிகள் வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். இத்தனைக்குக் குறையாமல் செலவழித்தே தீர வேண்டும் என்ற கீழ்வரம்பும் இல்லை. அதனால்தான் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் ஷோஹேய் ஓட்டானிக்குப் பத்து ஆண்டுகளுக்கு 70 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டு, 2024, 2025 இரண்டு ஆண்டுகளும் கோப்பையை வென்ற பிறகும் நிற்காமல், 2026 ஜனவரியில் கைல் டக்கருக்கு நான்கு ஆண்டுகளுக்கு 24 கோடி டாலர் கொடுக்க முடிகிறது. பைரேட்ஸ் 2025 சீசனைத் தொடங்கியபோது அணியின் மொத்தச் சம்பளமே பத்துக் கோடி டாலரை எட்டவில்லை.

டாட்ஜர்ஸோடு போட்டி போட்டுச் செலவழிக்க வேண்டும் என்று பிட்ஸ்பர்க்கில் யாரும் கேட்கவில்லை. ஊரின் அளவும் தொலைக்காட்சி வருமானமும் அதற்கு இடம் தராது என்பது ரசிகர்களுக்கு நன்றாகவே தெரியும். அவர்களுடைய கோபம் ஸ்கீன்ஸைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், அவர் அங்கே இருக்கப்போகும் காலத்தைப் பற்றியது. புதிய வீரர்களை அணிகள் வரிசைப்படி எடுத்துக்கொள்ளும் 2023 தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஸ்கீன்ஸ், 2024இல் சிறந்த புதுமுக வீரர் விருதையும், 2025இல் சிறந்த வீச்சாளருக்கான சை யங் விருதை ஒருமனதாகவும் பெற்றார். கடந்த சீசனில் ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, சராசரியாக 1.97 ரன்கள் மட்டுமே கொடுத்த அவருடைய வெற்றி தோல்விக் கணக்கு என்ன தெரியுமா? பத்து வெற்றி, பத்துத் தோல்வி. நாட்டிலேயே மிகச் சிறந்த வீச்சாளர் ஒருவர் ஆட்டத்துக்கு ஆட்டம் எதிரணியை முடக்கிப்போட, அவருக்காக இரண்டு ரன் எடுத்துத் தரத் துப்பில்லாத மட்டையாளர்கள் அவருக்குப் பின்னால் நின்றார்கள். 2025இல் பைரேட்ஸ் மொத்தம் அடித்த ஹோம் ரன்கள் 117. முப்பது அணிகளில் அதுவே மிகக் குறைவு.

அந்த ஆண்டு ஸ்கீன்ஸுக்கு அணி கொடுத்த சம்பளம் எட்டே முக்கால் லட்சம் டாலர். லீக்கில் இளம் வீரர்களுக்கான ஊக்கத்தொகை தனியாக உண்டு. அது எல்லா அணிகளும் சேர்ந்து போடும் பொது நிதியிலிருந்து வருவது. விதிகளின்படி ஒரு வீரர் முதல் மூன்று ஆண்டுகள் ஏறத்தாழக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கும், அடுத்த மூன்று ஆண்டுகள், உடன்பாடு வராவிட்டால் நடுவர் தொகையை முடிவு செய்யும் முறையில், படிப்படியாக உயரும் சம்பளத்துக்கும் ஆட வேண்டும். அதன் பிறகே எந்த அணிக்கும் போகும் சுதந்திரம். ஸ்கீன்ஸுக்கு அந்தச் சுதந்திரம் 2029 சீசன் முடிந்ததும் கிடைக்கும். 2026தான் அவர் மலிவாகக் கிடைக்கும் கடைசி ஆண்டு. சந்தையில் ஆண்டுக்கு மூன்று நான்கு கோடி டாலர் விலை போகக்கூடிய ஒருவர் லட்சங்களுக்குக் கிடைக்கிறார் என்றால், மிச்சமாகும் கோடிகளை அவரைச் சுற்றி நிற்கும் எட்டுப் பேருக்குச் செலவழிக்கத்தானே ஓர் அணி நினைக்கும்? பைரேட்ஸ் நிர்வாகமோ அந்த மிச்சத்தை மிச்சமாகவே வைத்துக்கொண்டது. என் குற்றச்சாட்டு முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் நிற்கிறது.

இந்த ஊர் இதை முன்பே பார்த்திருக்கிறது. 1992இல் இறுதிச் சுற்றின் வாசல் வரை போன அணி, அந்தக் குளிர்காலத்திலேயே தன் நட்சத்திர மட்டையாளர் பேரி பாண்ட்ஸை சான் பிரான்சிஸ்கோவுக்கு இழந்தது. அதற்குப் பிறகு 1993 முதல் 2012 வரை தொடர்ந்து இருபது சீசன்கள் வெற்றிகளைவிடத் தோல்விகளே அதிகம். 2013இல் ஆண்ட்ரூ மெக்கட்சன் தலைமையில் அணி எழுந்தது. 2015இல் 98 ஆட்டங்களை வென்றும் ஒற்றை ஆட்டத் தகுதிச் சுற்றில் சிகாகோ கப்ஸிடம் தோற்று வெளியேறியது. அந்த எழுச்சியை வலுப்படுத்தப் பணம் வந்து சேரவில்லை. 2018 ஜனவரியில் சில நாள் இடைவெளியில் கெரிட் கோலை ஹூஸ்டனுக்கும் மெக்கட்சனை சான் பிரான்சிஸ்கோவுக்கும் மாற்றிவிட்டார்கள். இரண்டே ஆண்டுகளில் கோலுக்கு நியூயார்க் யாங்கீஸ் கொடுத்த ஒப்பந்தம் 32.4 கோடி டாலர். கோலும் 2011 தேர்வில் பைரேட்ஸ் முதல் ஆளாக எடுத்த வீச்சாளர்தான். ஸ்கீன்ஸைப் பார்க்கும்போதெல்லாம் பிட்ஸ்பர்க்காரர்களுக்கு ஏன் கோலின் நினைவு வருகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

2007 முதல் அணியின் முதன்மை உரிமையாளராக இருப்பவர் பாப் நட்டிங். "அணியை விற்றுவிடு" என்ற முழக்கம் 2025 ஏப்ரலில் உள்ளூர்த் தொடக்க ஆட்டத்திலேயே எழுந்தது. அது வெறும் சம்பளக் கணக்கால் எழுந்த கோபம் என்று நான் நினைக்கவில்லை. அதே மாதத்தில் நடந்த இரண்டு செய்திகளைச் சொல்கிறேன். அணியின் மைதானமான பிஎன்சி பார்க் திறக்கப்பட்ட காலத்தில் ரசிகர்கள் பணம் கட்டித் தங்கள் பெயர்களையும் மறைந்த பெற்றோரின் பெயர்களையும் பொறித்துப் பதிக்கச் செய்த செங்கற்கள், நடைபாதைப் பணிக்காகப் பெயர்க்கப்பட்ட பிறகு, ஒரு மறுசுழற்சிக் கூடத்தில் குவியலாகக் கிடக்கும் படங்கள் வெளியாயின. அதே நாட்களில், வலப்பக்கச் சுவரில் இருந்த அணியின் பழம்பெரும் வீரர் ரொபெர்ட்டோ கிளெமென்டேயின் 21 என்ற சீருடை எண் அடையாளம் இருந்த இடத்தில் ஒரு மதுபான விளம்பரம் வந்திருந்தது. கிளெமென்டே 1972 டிசம்பர் 31 அன்று, நிலநடுக்கத்தில் சிதைந்த நிகராகுவாவுக்கு நிவாரணப் பொருள்கள் கொண்டுபோன விமானம் விழுந்து இறந்தவர். அவருடைய நினைவாகவே அந்த மைதானத்தின் வலப்பக்கச் சுவர் 21 அடி உயரத்தில் எழுப்பப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் விளம்பரம் அகற்றப்பட்டது. நிர்வாகம் மன்னிப்பும் கேட்டது. தீய எண்ணத்தோடு இவற்றைச் செய்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெயர் பொறித்த கல்லை யாரிடமும் கேட்காமல் குப்பைக்கு அனுப்பக்கூடிய ஒரு நிர்வாகம், "பொறுமையாக இருங்கள், திட்டம் இருக்கிறது" என்று சொல்லும்போது எதை நம்பிப் பொறுப்பது?

பணம் மட்டும் போதாது என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தில் உண்மையும் உண்டு. 76.5 கோடி டாலருக்கு ஹுவான் சோட்டோவை எடுத்த நியூயார்க் மெட்ஸ் 2025இல் தகுதிச் சுற்றுக்கே வரவில்லை. பிட்ஸ்பர்க்கைப் போலவே சிறிய சந்தையான மில்வாக்கியின் ப்ரூவர்ஸ் அணி 97 வெற்றிகளோடு லீக்கிலேயே முதலிடம் பிடித்தது. ஆனால் மில்வாக்கி தன் மட்டையாளர்களைத் தானே வளர்த்தெடுக்கிறது, மற்ற அணிகள் கைவிட்டவர்களைத் திருத்தி ஆட வைக்கிறது. பைரேட்ஸ் வீச்சாளர்களை வளர்ப்பதில் கெட்டிக்காரர்கள். மட்டையாளர்கள் விஷயத்தில் ஆண்டுக்கணக்காகத் தோற்றுக்கொண்டிருக்கிறார்கள். வளர்க்கத் தெரியாதவர்கள் வாங்க வேண்டும். வளர்க்கவும் மாட்டோம், வாங்கவும் மாட்டோம் என்றுவிட்டு மில்வாக்கியை எடுத்துக்காட்டுவது நேர்மையான வாதமாக எனக்குப் படவில்லை. மேலும், பெரிய அணிகளின் உள்ளூர் வருமானத்தில் ஒரு பகுதி வருவாய்ப் பகிர்வு முறையில் பிட்ஸ்பர்க்குக்கும் வருகிறது. அந்தப் பணத்தை அணிக்காகச் சரியாகச் செலவழிக்கவில்லை என்று 2018இல் வீரர்கள் சங்கம் நான்கு அணிகள் மீது முறையீடு செய்தபோது, அந்த நான்கில் பைரேட்ஸும் ஒன்று.

இந்தக் குளிர்காலத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது அநியாயம். தாம்பா பே அணியிடமிருந்து, 2025 சீசனில் 31 ஹோம் ரன்கள் அடித்த பிராண்டன் லோவை வாங்கினார்கள். மட்டையாளர் ரயன் ஓஹெர்னுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு 2.9 கோடி டாலர் கொடுத்தார்கள். வெளிச் சந்தையிலிருந்து ஒருவரை ஓராண்டுக்கு மேல் ஒப்பந்தம் போட்டு இந்த அணி எடுத்தது 2016க்குப் பிறகு இதுவே முதல் முறை. இரண்டும் நல்ல முடிவுகள், குறிப்பாக லோவின் வருகை. ஆனால் 117 ஹோம் ரன் அடித்த அணிக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். அதிலும் லோவின் ஒப்பந்தம் 2026 முடிந்ததும் தீர்ந்துவிடும்.

வீரர்கள் சங்கத்துக்கும் அணி உரிமையாளர்களுக்கும் இடையே நிலவும் தொழிலாளர் ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. அதன் பிறகு சம்பள உச்ச வரம்பு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பிட்ஸ்பர்க்கில் பலர் நம்புகிறார்கள். அதே ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணி ஸ்டீலர்ஸ் ஆறு சூப்பர் பௌல்களையும் ஐஸ் ஹாக்கி அணி பெங்குவின்ஸ் ஐந்து ஸ்டான்லி கோப்பைகளையும் வென்றிருக்கும்போது, தங்கள் பேஸ்பால் அணி மட்டும் 1979க்குப் பிறகு கோப்பையைத் தொடவில்லை என்பதற்கு லீக்கின் விதிகளைக் காரணம் சொல்வது இயல்பே. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. டாட்ஜர்ஸின் கையைக் கட்டிவிடுவதால் நட்டிங்கின் கை தானாகத் திறந்துவிடாது. உச்ச வரம்போடு கீழ்வரம்பும் சேர்ந்து வந்தால்தான் பிட்ஸ்பர்க்குக்குப் பயன். அதுவும் 2027இல் வருமா, அதற்கு முன் கதவடைப்பு வருமா என்று இப்போதே சொல்ல முடியாது. ஸ்கீன்ஸின் ஆண்டுகள் அதற்காகக் காத்திருக்கப்போவதில்லை.

மூன்றாம் பேஸ் என்ற இடத்தில் ஆடிய கீப்ரையன் ஹேஸை 2025 ஜூலையில் சின்சினாட்டிக்கு அனுப்பிய பிறகு, அங்கே நின்று பந்தைத் தூக்கி அடிக்கக்கூடிய ஒருவர் அணியில் இல்லை. ஷ்வார்பருக்கென்று டிசம்பரில் எடுத்து வைத்த பன்னிரண்டு கோடி உண்மையாகவே இருந்த பணம் என்றால், அதில் ஒரு பங்கை வைத்து அந்த இடத்தை நிரப்பலாம். ஃபுளோரிடாவின் பிராடென்டனில் பயிற்சி முகாம் தொடங்கும் முன் அதைச் செய்தால், இந்த ஆண்டு நிர்வாகம் மெய்யாகவே மாறியிருக்கிறது என்று நானும் ஒப்புக்கொள்வேன்.